தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு: ஒரு கணக்கு அலுவலகத்தின் கடவுச்சொற்கள் களவுபோன நிகழ்வு

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், கீழே துணிக்கடையும் மேலே அலுவலகமுமாக உள்ள ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சிறிய கணக்கு அலுவலகம் ஒன்று இயங்குகிறது. 2025 அக்டோபரில் அங்கு நடந்த கடவுச்சொல் களவையும், அதன்பின் நாங்கள் செய்தவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். அலுவலகத்தின் உரிமையாளர், நான் அக்கா என்று அழைப்பவர், எழுதுவதற்கு இசைவு தந்தார். ஆட்களையும் கடைகளையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பினாங்கில் சிறுதொழில் செய்யும் நம்மவர்களின் மடிக்கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், இங்கே கண்ட நிலை வேறு பல அலுவலகங்களிலும் அப்படியே இருப்பதை அறிவேன். அந்தக் கவலையால்தான் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் மூவர் வேலை செய்கிறார்கள். பூக்கடை, இனிப்புக் கடை, மசாலா அரைவைக் கடை, தையற்கடை, லாரி உரிமையாளர்கள் என முப்பத்தெட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளை அவர்கள் பார்க்கிறார்கள். மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் சந்தா செலுத்தியாக வேண்டும். வருமான வரிக்கு மைடேக்ஸ் தளம், மின்விலைப்பட்டியலுக்கு மைஇன்வாய்ஸ் தளம், இவை போக ஒவ்வொரு கடைக்கும் ஒரு மின்னஞ்சல். கடைக்காரர்களுக்கு இவற்றில் நுழைந்து வெளிவர நேரமில்லை. "அதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க அக்கா" என்று சொல்லிக் கடவுச்சொல்லை ஒப்படைத்துவிடுகிறார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்தவை 114 கணக்குகள்.

அவை இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்று, மடிக்கணினியின் முகப்புத் திரையிலேயே 'பாஸ்வேர்ட் 2019' என்ற பெயரில் கிடந்த எக்செல் கோப்பு. மற்றொன்று, குரோம் உலாவி. ஒவ்வொரு தளத்திலும் முதன்முறை நுழையும்போது 'சேமிக்கவா' என்று உலாவி கேட்க, ஊழியர்கள் ஆம் என்று அழுத்தி வந்திருக்கிறார்கள். மடிக்கணினியைத் திறக்க ஒரு கடவுச்சொல் இருந்தது. எக்செல் தாளுக்கும் ஒரு பூட்டுப் போட்டிருப்பதாக அக்கா நம்பியிருந்தார்.

அக்டோபர் 8, புதன்கிழமை, ஒரு வாடிக்கையாளர் தம் ரசீதுகளை நாற்பது தனித்தனிப் பிடிஎஃப் கோப்புகளாக அனுப்பியிருந்தார். அவற்றை ஒன்றாக்க வேண்டியிருந்தது. இளைய ஊழியர் இணையத்தில் தேடி, விலைகொடுத்து வாங்க வேண்டிய ஒரு பிடிஎஃப் மென்பொருளின் உரிமப் பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பு இலவசமாகக் கிடைக்கும் பக்கத்தை அடைந்தார். இறக்கிய கோப்பு கடவுச்சொல் இட்ட ஜிப் பொதியாக இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல் அந்தப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நிறுவும் முன் வைரஸ் தடுப்பியை நிறுத்திவைக்குமாறும் குறிப்பு இருந்தது. குறியாக்கம் செய்த, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றிய, பொதியின் உள்ளே வைரஸ் தடுப்பியால் பார்க்க முடியாது. அதற்காகவேதான் பொதிக்குக் கடவுச்சொல் இடுகிறார்கள். ஊழியர் குறிப்பின்படியே செய்தார். ஒரு கறுப்புச் சாளரம் தோன்றி மறைந்தது, மென்பொருள் திறக்கவில்லை. வேலை செய்யவில்லை என்று எண்ணி, கோப்பை அழித்துவிட்டு, வேறு வழியில் பிடிஎஃப்களை இணைத்து முடித்தார். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாளே இருந்த நேரம். கீழே தெருவில் கூட்டம், 15ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டிய வேலை மேசை நிறைய. இந்தப் பெண்மீது நான் ஒரு குற்றமும் காணவில்லை. வேலையை முடிக்க முயன்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை இனிப்புக் கடைக்காரர் அக்காவை அழைத்தார். "எப்பவும் வணக்கம்னுதான் ஆரம்பிப்பீங்க, இன்னிக்கு டியர் சார்னு வந்திருக்கு. பேங்க் அக்கவுண்ட்டு மாறிடுச்சுன்னு இருக்கு. நெசமா நீங்கதான் அனுப்புனீங்களா அக்கா?" என்று கேட்டார். அக்கா அனுப்பவில்லை. அலுவலகத்தின் மின்னஞ்சலிலிருந்து இரவு இரண்டு மணி அளவில் பதினொரு வாடிக்கையாளர்களுக்கு, மாதக் கட்டணத்தைப் புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி கடிதம் போயிருந்தது. அதற்கு வரும் பதில்கள் அக்காவின் கண்ணில் படாமலிருக்க, 'வங்கி', 'கணக்கு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் உள்ள அஞ்சல்களை நேரே காப்பகத்துக்குத் தள்ளும் வடிகட்டி ஒன்றும் அமைக்கப்பட்டிருந்தது. அதற்குள் ஒரு துணிக்கடைக்காரர் 2,700 வெள்ளியை (ரிங்கிட்) அனுப்பிவிட்டார். அவர் தம் வங்கியையும், நிதி மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைத்தார். ஆனால் அவர் அழைத்தபோது அந்தப் பணம் ஏற்கெனவே வேறு கணக்குக்குப் போய்விட்டது.

நான் மாடியேறியபோது மணி பத்தரை. அக்கா கேட்ட முதல் கேள்வி நியாயமானது: "தம்பி, ஈமெயிலுக்கு ஓடிபி போட்டிருக்கேனே. என் போன் இல்லாம எப்படி உள்ளே போனான்?"

உள்ளே நடந்தது

விடை மடிக்கணினிக்குள்ளேயே இருந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில், வைரஸ் தடுப்பியின் நேரடிக் கண்காணிப்பு நிறுத்தப்பட்டதைக் குறிக்கும் 5001 என்ற எண்ணுள்ள பதிவு புதன்கிழமை காலை 11.14க்கு இருந்தது. உலாவியின் பதிவிறக்கப் பட்டியலில் அதற்கு மூன்று நிமிடம் முன்பு அந்த ஜிப் பொதி. இவ்வகை நிரல்கள் பெரும்பாலும் கணினியில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் வேண்டியதைச் சுருட்டி அனுப்பிவிட்டுத் தாமே அழிந்துபோகும். இவை மாத வாடகைக்கு விற்கப்படுகின்றன என்பதை அறிந்தால் பலர் வியப்படைகிறார்கள். 2024 அக்டோபரில் பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து முடக்கிய ரெட்லைன், 2025 மே மாதம் முடக்கப்பட்ட லுமா ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஒன்றை முடக்கினால் வாடகைக்கு எடுப்பவர்கள் இன்னொன்றுக்குப் போகிறார்கள்.

குரோம் கடவுச்சொற்களைத் திறந்தபடி வைப்பதில்லை. 'லாகின் டேட்டா' என்ற சிறு தரவுத்தளத்தில் ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கம் செய்து வைக்கிறது. அந்த முறையை யாரும் உடைக்கவில்லை. கேள்வி சாவியைப் பற்றியது. சாவி அதே கணினியில் 'லோக்கல் ஸ்டேட்' என்ற கோப்பில் இருக்கிறது. அந்தச் சாவியை விண்டோஸ், பயனரின் உள்நுழைவோடு பிணைத்துப் பூட்டி வைக்கிறது. வேறொருவர் வட்டைக் கழற்றிக்கொண்டு போனால் உள்நுழைவுக் கடவுச்சொல்லின்றி அந்தப் பூட்டு எளிதில் திறக்காது. ஆனால் அக்கா உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது அவர் பெயரில் ஓடும் எந்த நிரலும் விண்டோஸிடம் 'இதைத் திறந்து தா' என்று கேட்கலாம். விண்டோஸ் திறந்து தரும். கேட்பது உலாவியா திருடனா என்று அது பார்ப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்க 2024 ஜூலையில் வெளிவந்த குரோம் 127இல் இருந்து, கேட்பது குரோம்தானா என்று சரிபார்க்கும் கூடுதல் பிணைப்பு, முதலில் குக்கிகள் எனும் உள்நுழைவு அடையாளச் சீட்டுகளுக்கு, சேர்க்கப்பட்டது. சில மாதங்களுக்குள்ளேயே திருட்டு நிரல்கள் அதையும் சுற்றிச் செல்லும் வழிகளைக் கண்டன. அக்காவின் குரோம் புதுப்பிக்கப்பட்டே இருந்தது, பயனில்லை.

ஓடிபி பற்றிய கேள்விக்கு விடை குக்கியில் இருக்கிறது. நாம் ஒருமுறை கடவுச்சொல்லும் ஓடிபியும் தந்து நுழைந்த பிறகு, 'இவர் சரிபார்க்கப்பட்டவர்' என்ற அடையாளச் சீட்டு ஒன்றை மின்னஞ்சல் சேவை நம் உலாவியில் இட்டுவைக்கிறது. கோயில் அன்னதானத்தில் ஒருமுறை டோக்கன் வாங்கிவிட்டால் வரிசையில் மறுபடி யாரும் பெயர் கேட்பதில்லை அல்லவா. அந்த டோக்கனை எடுத்துக்கொண்டு வேறொருவர் போனாலும் இலை போடுவார்கள். திருடன் குக்கியை எடுத்துத் தன் உலாவியில் வைத்தான். அவனிடம் ஓடிபி கேட்கப்படவே இல்லை.

இந்த நிகழ்வில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதையே. உங்கள் பெயரில் ஓடும் நிரலையும் உங்களையும் மடிக்கணினியால் பிரித்தறிய முடியாது. ஆகவே கடவுச்சொற்களை வைத்திருக்கும் பெட்டி, வேலை இல்லாத நேரமெல்லாம் பூட்டியே இருக்க வேண்டும். அதன் சாவி அந்த மடிக்கணினியில் இருக்கவே கூடாது. உலாவியின் சேமிப்பு இந்த இரண்டு நிபந்தனைகளிலும் தவறுகிறது. பயர்பாக்ஸ் உலாவியில் முதன்மைக் கடவுச்சொல் என்ற வசதியை நாமாக இயக்காவிட்டால் அங்கும் இதே கதைதான்: பூட்டிய கோப்பும் சாவிக் கோப்பும் ஒரே கோப்புறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

எக்செல் பூட்டைப் பற்றி அக்காவுக்கு நம்பிக்கை குறையவில்லை. அதனால் அந்தக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க, பெயரின் கடைசியில் உள்ள எக்செல் பின்னொட்டை 'ஜிப்' என்று மாற்றினேன். எக்செல் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி; திறந்தால் உள்ளே ஒவ்வொரு தாளும் ஓர் எழுத்துக் கோப்பாக இருக்கும். தாளின் கோப்பைத் திறந்து, 'ஷீட் புரொடெக்‌ஷன்' என்று தொடங்கும் ஒரே ஒரு வரியை அழித்து, பெயரைப் பழையபடி மாற்றித் திறந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டு இல்லை, 114 வரிகளும் திரையில் நின்றன. "அப்போ இது பூட்டே இல்லையா தம்பி?" என்றார். தாளைப் பாதுகாக்கும் அந்த வசதி, தவறுதலாக யாரும் எண்களை மாற்றிவிடாமலிருக்க ஏற்பட்டது. அது எதையும் குறியாக்கம் செய்வதில்லை. அதே எக்செலில் கோப்பு முழுவதையும் கடவுச்சொல் கொண்டு குறியாக்கும் வேறொரு கட்டளை இருக்கிறது; அது உண்மையான பூட்டு. இரண்டும் கடவுச்சொல் கேட்பதால் பார்ப்பவருக்கு ஒன்றுபோல் தெரிகின்றன.

முதல் நாளும் அடுத்த நான்கு மாலைகளும்

முதலில் மடிக்கணினியை வைஃபையிலிருந்து துண்டித்தோம். பதற்றத்தில் எல்லோரும் செய்ய முற்படுவது, களவு நடந்த அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றுவது. திருட்டு நிரலின் மிச்சம் ஏதேனும் இருந்தால் புதிய கடவுச்சொல்லும் உடனே கைமாறிவிடும். அதனால் அக்காவின் கைப்பேசியிலிருந்து தொடங்கினோம். மின்னஞ்சல்தான் முதலில், மற்ற எல்லாத் தளங்களும் 'மறந்துவிட்டேன்' என்றால் அங்கேதான் கடிதம் அனுப்பும். கடவுச்சொல்லை மாற்றியதோடு 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்தினோம். திருடப்பட்ட குக்கியைச் செல்லாமல் ஆக்குவதற்கு இந்த இரண்டாவது வேலை கட்டாயம். பின்பு மீட்பு முகவரிகளைப் பார்த்தோம். நாங்கள் அறியாத முகவரி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது, அதை நீக்கினோம். வடிகட்டியையும் நீக்கினோம். வங்கிச் செயலியில் உள்ள அவசர நிறுத்தப் பொத்தானைக் கொண்டு இணைய வங்கிக் கணக்கை அக்கா அன்றே முடக்கினார். முப்பத்தெட்டு பேருக்கும் அவரே தொலைபேசியில் பேசினார். அதை வேறு யாரிடமும் ஒப்படைக்க அவர் ஒப்பவில்லை.

சட்டத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களின் ஊழியர்களுடைய அடையாள அட்டை எண்களும் சம்பள விவரங்களும் அந்த மடிக்கணினியில் இருந்தன. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024இல் வந்த திருத்தத்தின்படி, கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையோடு அக்கா அதைச் செய்தார்.

மடிக்கணினியின் வட்டை முழுவதும் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். வட்டு முழுவதையும் குறியாக்கும் சாதனக் குறியாக்கம் என்ற வசதி இயங்காமல் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது; உள்ளூர்க் கணக்கில் நுழையும்படி அமைத்திருந்ததால் அது முழுமையடையாமலே நின்றிருக்கிறது. மடிக்கணினி காரிலிருந்து களவு போயிருந்தால், வட்டை வேறொரு கணினியில் செருகியே அந்த எக்செல் கோப்பைப் படித்திருக்கலாம். திரையில் கேட்கும் கடவுச்சொல் அதைத் தடுக்காது. குறியாக்கத்தை இயக்கி, 48 இலக்க மீட்பு எண்ணை அச்சிட்டு எடுத்துக்கொண்டோம்.

வெள்ளி மாலை முதல் திங்கள் மாலை வரை நான்கு மாலைகள், 113 கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றினோம். கீழே தெருவில் பட்டாசு வாசமும் பாட்டும். மேலே ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்ய ஒருவர் பழைய பட்டியலில் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தார். கடையின் பெயர், ஆண்டு, பின்னால் ஒரு குறி, 123 என்ற ஒரே அச்சில் எழுபத்தொரு கடவுச்சொற்கள் வார்க்கப்பட்டிருந்தன. ஒன்று தெரிந்தால் மற்றவற்றை ஊகிக்கக் குழந்தையாலும் முடியும். மறுநாள், அக்டோபர் 14, விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திய நாள். அலுவலகத்தின் இரண்டாவது மடிக்கணினி அந்தப் பழைய விண்டோஸில்தான் ஓடியது. அதை ரசீதுகளை ஸ்கேன் செய்யும் வேலைக்கு மட்டும் ஒதுக்கினோம்.

புதிய பெட்டி

கடவுச்சொற்களை வைக்க கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவச மென்பொருளைத் தேர்ந்தோம். எல்லாக் கடவுச்சொற்களும் குறியாக்கப்பட்ட ஒரே கோப்பில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி, முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து ஆர்கான்2 என்ற முறையில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. கணினியில் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. 2015இல் முடிந்த கடவுச்சொல் குறியாக்கப் போட்டியில் வென்ற முறை அது. ஒவ்வோர் ஊகத்துக்கும் நிறைய நினைவகத்தைச் செலவிட வைப்பதால், ஆயிரக்கணக்கான ஊகங்களை ஒரே நேரத்தில் ஓட்டும் வரைகலை அட்டைகளின் வேகம் அதனிடம் குறைந்துவிடும்.

அக்காவின் மகன், இணையத்தில் இயங்கும் சேவை ஏதாவது வாங்கினால் கைப்பேசியிலும் வசதியாக இருக்குமே என்றார். அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் 2022இல், இணையத்தில் கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். வாடிக்கையாளர்களின் குறியாக்கப்பட்ட பெட்டகங்களின் காப்பு நகல்களையே திருடர்கள் எடுத்துச் சென்றார்கள். தள முகவரிகள் குறியாக்கப்படாமலே இருந்தன. பெட்டகத்தைக் காக்க மிஞ்சியது முதன்மைக் கடவுச்சொல்லும், ஓர் ஊகத்தைச் சோதிக்க எத்தனை சுற்று கணக்கிட வேண்டும் என்ற எண்ணிக்கையும்தான். பழைய கணக்குகள் சிலவற்றில் அது 5,000 சுற்றாகவே விடப்பட்டிருந்தது. லாஸ்ட்பாஸ் கையாண்ட அந்த வகை முறைக்கு இன்று, இணையப் பாதுகாப்பு நெறிகளை வகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பு பரிந்துரைப்பது 6,00,000. கோப்பு எங்கே இருந்தாலும் முதன்மைக் கடவுச்சொல்தான் பாரத்தைத் தாங்குகிறது.

அதை உருவாக்க அக்கா வீட்டுப் பரமபதப் பலகையின் பகடை உதவியது. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் வகுத்த டைஸ்வேர் முறையில், பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் ஐந்திலக்க எண் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல்லைக் காட்டும். ஆறு சொற்கள் எடுத்தால் சாத்தியங்களின் எண்ணிக்கை இருபத்து நான்கு இலக்கங்களைத் தொடும். சொல்லைப் பகடை தேர வேண்டும், நாம் தேரக் கூடாது. நாம் தேர்ந்தால் பிள்ளையின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் வந்துவிடும்.

தமிழ்ச் சொற்களாக வைத்துக்கொள்ளலாமா என்று இளைய ஊழியர் ஆசையோடு கேட்டார். எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு இடர்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் 'பழம்' என்று எழுதும்போது 'ழ'வுக்கு ஒருவர் இரண்டு எழுத்து இடுவார், இன்னொருவர் ஒற்றை 'எல்' இடுவார். அவசரத்தில் நாமே மாற்றி எழுதுவோம். தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்தால் வேறொரு சிக்கல்: 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம் என்று, எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோட் இடம் தருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருள் அவற்றை ஒரு வடிவாக்காமல் விட்டால் கணினிக்கு அவை வெவ்வேறு கடவுச்சொற்கள். கைப்பேசியில் ஒரு விசைப்பலகையும் மடிக்கணினியில் வேறொன்றும் இருந்தால், சரியாகத்தான் எழுதினேன் என்று சத்தியம் செய்யும் நிலையில் வெளியே நிற்க நேரும். அதனால் ஆங்கிலப் பட்டியலையே கொண்டோம்.

பெட்டி திறந்திருக்கும் நேரத்தில் திருட்டு நிரல் புகுந்தால் இந்த ஏற்பாடும் காக்காது என்பதை மூவருக்கும் ஒளிக்காமல் சொன்னேன். அதற்காக ஐந்து நிமிடம் தொடாமலிருந்தால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்தோம். நகலெடுத்த கடவுச்சொல் பத்து நொடியில் நினைவிலிருந்து அழிந்துவிடும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு. கணினி முழுவதற்குமாக மென்பொருள் நிறுவ வேண்டுமானால் அக்கா தம் கடவுச்சொல்லை இட வேண்டும். உலாவியில் 'சேமிக்கவா' என்ற கேள்வியையே அணைத்துவிட்டேன். அக்காவின் வங்கிக் கணக்குகளுக்குத் தனிப் பெட்டி. அதை மற்ற இருவராலும் திறக்க முடியாது.

முதன்மைக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு, மீட்பு எண்ணோடு ஜெலுத்தோங்கில் உள்ள வீட்டு பீரோவில் நகைகளோடு வைத்திருக்கிறார் அக்கா. எழுதிவைப்பது பாவம் என்று எவரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வேறு நாட்டிலிருந்து களவாடும் ஒருவனால் ஜெலுத்தோங் பீரோவைத் திறக்க முடியாது.

எல்லாவற்றிலும் நல்லது, பிறர் கடவுச்சொல்லை நாம் வைத்திருக்க வேண்டியதே இல்லாமல் போவது. மைஇன்வாய்ஸ் தளத்தில் கடைக்காரர் தம் சார்பில் செயல்பட ஓர் இடையாளரை நியமிக்கலாம். அலுவலகம் தன் சொந்தக் கணக்கிலிருந்தே அவருடைய வேலையைச் செய்யலாம். விரும்பாதபோது கடைக்காரர் அந்த உரிமையைத் திரும்பப் பெறலாம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் அக்கா ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து இந்த நியமனத்தைச் செய்து வைத்தார். பெட்டியில் இருந்த 114 வரிகள் இப்போது எண்பத்திரண்டாகக் குறைந்திருக்கின்றன.

அக்டோபர் 15 அன்று சந்தாக்கள் எல்லாம் நேரத்தில் செலுத்தப்பட்டன. பழைய பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் பென்சில் கோடு விழாமல் நிற்கிறது. மசாலா அரைவைக் கடைப் பெரியவரின் மின்னஞ்சல் அது. அவர் சென்ற ஆண்டு காலமானார். மீட்புக் குறியீடு போகும் கைப்பேசி எண் அவருடையது, அதுவும் துண்டிக்கப்பட்டுவிட்டது. அந்த எண்ணை மீட்டுத்தர முடியுமா என்று கேட்க, இறப்புச் சான்றிதழையும் தம் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தொலைபேசி நிறுவனத்தின் முகப்புக்கு அடுத்த வாரம் போவதாக அவருடைய மகன் சொல்லியிருக்கிறார்.